ஆள் பிடிபடாத வெட்டு வழக்கு: தம்பிக்கு அரசு இழப்பீடு கிடைக்குமா?

கரிசல்காட்டுக்காரி
2025 ஜூன் 3, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

என் சித்தப்பா மகனுக்கு 29 வயது. சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். ஜனவரி கடைசியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, கண்மாய்க்கரையை ஒட்டிய ரோட்டில் இரண்டு பேர் மறித்து செல்போனையும் பையையும் பிடுங்கியிருக்கிறார்கள். சம்பளப் பணம் பையில் இருந்ததால் இவன் விடவில்லை. அரிவாளை ஓங்கியதும் வலது கையைக் குறுக்கே நீட்டித் தடுத்திருக்கிறான்.

பெருவிரல் நரம்பும் அடுத்த இரண்டு விரல்களின் நரம்பும் அறுந்துவிட்டன. இரண்டு ஆபரேஷன் முடிந்தது. விரல்கள் இருக்கின்றன, ஆனால் மடங்காது. சோற்றைப் பிசைய முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. கட்டிங் மெஷினில் இரண்டு கைகளாலும் காகிதக் கட்டைத் தட்டிச் சமன்படுத்தித்தான் உள்ளே தள்ள வேண்டும். அந்த வேலை போயிற்று. முதலாளி நல்லவர், இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார். அதற்கு மேல் அவரிடம் கேட்க முடியாது. அவன் மனைவி தீப்பெட்டி ஒட்டப் போகிறாள். நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செலவு போனது போக, பிசியோதெரபி, போக்குவரத்து, மருந்து என்று நகையெல்லாம் அடகில் இருக்கிறது.

போலீஸில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஆனால் ஆள் கிடைக்கவில்லை. போய்க் கேட்டால் "பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்கிறார்கள். இந்த மாதிரி கேஸில் அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று பஸ்ஸில் ஒரு அக்கா சொன்னார். ஸ்டேஷனில் ரைட்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் பொம்பளைப் புள்ளைக கேஸுக்கும் எஸ்.சி. கேஸுக்கும்தாம்மா. மத்ததுக்கு எதிரியைப் பிடிச்சு தண்டனை ஆனாத்தான்" என்று சொல்லிவிட்டார். இது உண்மையா?

---

வைகைக்கரை
2025 ஜூன் 4, காலை 6.55

அம்மா, அவர் சொன்னது தவறு. நான் மதுரைப் பக்கம் வழக்கறிஞராக இருக்கிறேன். இதை முழுதாகப் படியுங்கள்.

2009 டிசம்பர் 31 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தபோது, அதே பிரிவு 396 என்ற எண்ணில் தொடர்கிறது. குற்றத்தால் இழப்போ காயமோ அடைந்து மறுவாழ்வு தேவைப்படுகிறவர்களுக்கு இழப்பீடு கொடுக்க ஒவ்வொரு மாநில அரசும் ஒரு திட்டமும் நிதியும் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஆண், பெண், சாதி என்ற பாகுபாடு அந்தப் பிரிவில் இல்லை. தமிழ்நாட்டில் 2013 முதல் திட்டம் இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு வேண்டியது அந்தப் பிரிவின் நாலாவது உட்பிரிவு. குற்றவாளி யாரென்று தெரியவில்லை, ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை, விசாரணையே நடக்கவில்லை, ஆனால் பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியும் என்றால், அவரோ அவரை நம்பி இருப்பவர்களோ நேராக மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுக்கலாம். நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. எதிரி பிடிபட வேண்டியதில்லை. உங்கள் தம்பியை நினைத்தே எழுதியது போல இருக்கிறது அந்த வரி.

மனு வந்தபின் விசாரித்து 2 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஐந்தாவது உட்பிரிவு சொல்கிறது. இன்னொன்று, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ நீதித்துறை நடுவரோ சான்று கொடுத்தால் ஆரம்ப மருத்துவ உதவியை இலவசமாகக் கொடுக்க ஆணைக்குழு உத்தரவிடலாம். ஜனவரியிலேயே யாராவது உங்களுக்கு இதைச் சொல்லியிருந்தால் அடகு வைத்த நகையில் பாதியாவது வீட்டில் இருந்திருக்கும்.

ஆணைக்குழு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கும். நீங்கள் விருதுநகர் மாவட்டம் என்றால் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டாம். வழி கேட்க வேண்டுமென்றால் 15100 என்ற இலவச எண்ணில் பேசுங்கள், அது சட்டப்பணிகள் ஆணையத்தின் எண்.

---

கரிசல்காட்டுக்காரி
2025 ஜூன் 4, மதியம் 1.20

ஐயா, படித்ததும் கை நடுங்குகிறது. அஞ்சு மாதம் போய்விட்டதே, இன்னும் கொடுக்கலாமா? வி.ஏ.ஓ. ஆபீஸிலும் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை.

---

வைகைக்கரை
2025 ஜூன் 4, மதியம் 1.45

கொடுக்கலாம். பெண்களுக்கான தனித் திட்டத்தில் 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது. பொதுத் திட்டத்தில் அப்படி எண்ணி உட்கார்ந்திருக்க வேண்டாம், இந்த வாரமே கொடுங்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: இப்படி ஒரு திட்டம் இருப்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, கேட்ட இடத்தில் இல்லையென்றார்கள். அது நியாயமான காரணம்.

---

நடுக்கோடு
2025 ஜூன் 4, இரவு 8.10

அக்காவின் தம்பிக்கு நடந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். ஆனாலும் மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

வெட்டினவன் எவனோ ஒருவன். பணம் கொடுப்பது அரசாங்கம், அதாவது வரி கட்டுகிற நாமெல்லாம். அவன் ஜாலியாகத் திரிவான், நாம் அவனுக்காகக் கடன் அடைக்கிறோம். இது சரியா? அவன் சொத்தை விற்றுக் கொடுக்க வைக்க வேண்டாமா? அரசு கொடுத்துவிடும் என்று ஆகிவிட்டால் போலீஸுக்கும் ஆளைப் பிடிக்கிற வேகம் குறைந்துவிடாதா?

---

பழையபேரேடு
2025 ஜூன் 4, இரவு 9.35

நடுக்கோடு தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. 31 வருடம் குற்றவியல் நீதிமன்ற ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதிரியிடம் வாங்கிக் கொடுப்பது என்கிற வழி எப்படி நடந்தது என்று கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வாய்க்கால் தண்ணீர் தகராறில் ஒருவரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஆயுள் தண்டனை, 5,000 ரூபாய் அபராதம், அதில் 3,000 இறந்தவர் மனைவிக்கு என்று தீர்ப்பு. அந்த அம்மா அடுத்த வாரமே கவுண்டருக்கு வந்துவிட்டார். மஞ்சள் பையில் தீர்ப்பு நகல், ரேஷன் கார்டு, கணவர் போட்டோ. "அந்த மூவாயிரம் எப்ப சாமி குடுப்பீங்க?" என்று கேட்டார். அப்பீல் போட்டிருக்கிறார்கள், அது முடிகிற வரையில் கொடுக்க முடியாது என்றேன். சட்டம் அப்படித்தான். அப்பீல் காலம் முடியும் முன்போ, அப்பீல் போட்டிருந்தால் அதன் முடிவு வரும் முன்போ அந்தப் பணத்தைத் தொட முடியாது. அந்த அம்மா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். சில நாள் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வந்ததாகச் சொல்வார். ஆறு வருடம் கழித்து உயர் நீதிமன்றத்தில் எதிரிகள் விடுதலை ஆனார்கள். அபராதத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு. அந்த செல்லானை என் கையால்தான் எழுதினேன், எதிரி பெயருக்கு. அதற்குப் பிறகு அந்த அம்மா வரவில்லை.

அது 357ஏ வருவதற்கு முந்தின காலம். இன்றைக்கு எதிரி விடுதலை ஆனாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு வேண்டும் என்று விசாரணை நீதிமன்றமே பரிந்துரைக்கலாம். கொலை நடக்கவில்லை என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லையே, செய்தவன் இவன்தான் என்று நிரூபிக்கப்படவில்லை என்றுதானே சொன்னது? செத்தவர் செத்ததுதான், வீட்டில் அடுப்பு எரியாதது எரியாததுதான். அந்த வித்தியாசத்தைச் சட்டம் புரிந்துகொள்ள இவ்வளவு காலம் ஆயிற்று.

எதிரி சொத்தை விற்பது பற்றி: கொலைக் கேஸில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வக்கீல் ஃபீஸுக்கே சொத்து போயிருக்கும். மீதிப் பேருக்கு விற்க எதுவும் கிடையாது.

---

வைகைக்கரை
2025 ஜூன் 5, காலை 7.15

பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அரசு கொடுப்பதும் குற்றவாளியிடம் வசூலிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை. முதலில் அரசு கொடுக்கட்டும், பிறகு அவனிடம் வசூலிக்கட்டும். காத்திருக்கும் சுமை யார் தலையில் என்பதுதான் கேள்வி.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று அந்த மலைக்கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்து செய்ததைத் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்கள் அப்பீல் போனார்கள். சரியாக 12 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. அரசு உடனே கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. இதுதான் சரியான வரிசை. ஆனால் 31 ஆண்டு! அன்றைக்குப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பு வந்தபோது நாற்பத்து நாலு.

இந்தத் தாமதத்துக்கு மருந்தாகத்தான் இடைக்கால இழப்பீடு வந்தது. ஹரியானாவில் ஒரு அப்பாவையும் மகனையும் பணத்துக்காகக் கடத்திக் கொன்ற வழக்கில், 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு இடைக்காலமாக 10 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. குற்றம் நடந்தது தெரிந்ததுமே, பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாகப் பண உதவி தேவையா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்க வேண்டும், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னது. அதற்கு முந்தின ஆண்டு, அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கிலேயே, ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி யோசித்தாக வேண்டும், அது நீதிபதியின் விருப்பம் அல்ல, கடமை என்று சொல்லியாயிற்று.

---

தேம்ஸ்தமிழ்
2025 ஜூன் 5, மாலை 5.30

நான் கிழக்கு லண்டனில் இருக்கிறேன். எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் தமிழ் அண்ணர் ஒருவரைச் சில வருடங்களுக்கு முன் இரவு கடை பூட்டும் நேரம் கத்தியால் குத்திவிட்டார்கள். இங்கே 1964ஆம் ஆண்டிலிருந்தே வன்குற்றத்தால் காயப்பட்டவர்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது. இப்போதைய அட்டவணையில் காயத்துக்கு 1,000 பவுண்டில் தொடங்கி 250,000 பவுண்டு வரை. சம்பள இழப்பு, பராமரிப்புச் செலவு எல்லாம் சேர்த்தால் மொத்தம் 500,000 பவுண்டைத் தாண்டாது. ஆளைப் பிடிக்க வேண்டும், தண்டனை ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. போலீஸில் சொல்லியிருக்க வேண்டும், சாதாரணமாக 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கேயும் குறை உண்டு. அண்ணருக்குப் பதில் வர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. பழைய தண்டனை ஏதாவது இருந்தால் தொகையைக் குறைப்பார்கள், சில வேளை மறுத்தும் விடுவார்கள். ஆனால் அவரை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களில் ஒருவரே இந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. இந்த இழையைப் படிக்கும்போது அதுதான் உறைத்தது. இந்தியாவில் சட்டம் இருக்கிறது, அதை வாய்திறந்து சொல்ல ஒருவர் இல்லை.

---

பொருநைக்கரையான்
2025 ஜூன் 5, இரவு 8.50

"எஸ்.சி. கேஸுக்குத்தான்" என்று அந்த ரைட்டர் ஏன் சொன்னார் என்பதை விளக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஒரு பொறாமையாகவே ஊருக்குள் பரவிவிடும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொடுப்பது வேறு கணக்கு. அதற்கு 1995ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, 2016 ஏப்ரல் 14 அன்று திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை குற்றத்துக்குக் குற்றம் தொகை வகுத்திருக்கிறது. கலெக்டர் வழியாக வரும். கொலை என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் மீதி. அதோடு குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை, பிள்ளைகளின் படிப்புச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு பாத்திரம் வரை விதியில் எழுதியிருக்கிறது. பாத்திரம் என்று ஏன் எழுதினார்கள் தெரியுமா? தாக்க வருகிறவர்கள் முதலில் அடுப்பையும் பானையையும்தான் உடைப்பார்கள். அதைப் பார்த்தவர்கள் எழுதிய விதி அது.

அந்தத் தொகையும் தானாக வருவதில்லை. எங்கள் பக்கம் ஒரு குடும்பத்துக்கு முதல் தவணை வாங்கவே நாலு மாதம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றோம். அவர்களுக்குக் கிடைப்பதால் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதில்லை, அக்கா. இரண்டும் இரண்டு கதவு. உங்கள் கதவு எது என்று காட்டாதவர்தான் தப்பு செய்தார்.

---

ஒருதாய்
2025 ஜூன் 6, அதிகாலை 4.40

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் சிறு பிள்ளைக்கு நடந்தது. அதைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். பணம் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

எங்கள் கேஸில் விசாரித்த பெண் இன்ஸ்பெக்டர் தங்கமானவர். முதல் வாரத்திலேயே, "போக்சோவில் கேஸ் முடியும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, எஃப்.ஐ.ஆர். போட்டதுமே ஸ்பெஷல் கோர்ட் இடைக்காலத் தொகை கொடுக்கச் சொல்லலாம், மனு போடுங்கம்மா" என்று சொன்னார். 2020ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறதாம், உத்தரவு போட்டு 30 நாளில் அரசு கொடுக்க வேண்டுமாம். மனுவை எழுதிக் கொடுத்ததும் அவருக்குத் தெரிந்த சட்டத் தன்னார்வலர் ஒரு அம்மாதான்.

பணம் வந்தபோது நான் சந்தோஷப்படவில்லை. இதை வாங்கினால் நடந்ததற்கு விலை பேசின மாதிரி ஆகிவிடுமோ என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. எங்கள் மாமியார்தான் சொன்னார்: "வித்ததுக்குக் குடுக்குறது விலை. நாம எதையும் விக்கலியே, நம்மகிட்டயிருந்து பறிச்சாங்க. இது புள்ளை நல்லாகுறதுக்கு." அந்தப் பணத்தில்தான் ஊரை விட்டு வேறு ஊருக்கு வீடு மாறினோம், பள்ளிக்கூடம் மாற்றினோம், வாரம் ஒருமுறை மனநல டாக்டரிடம் போகிறோம். பிள்ளை இப்போது ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுத் தூங்குகிறது.

இறுதித் தொகையில் பெரும்பகுதி பிள்ளை பெயரில் டெபாசிட்டில் இருக்கும், 18 வயதில் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் வங்கியில் அந்தக் கணக்கைத் தொடங்கப் போனபோது, எதற்கு வந்த பணம் என்று கவுண்டரில் நாலு பேர் முன்னால் சத்தமாகக் கேட்டார்கள். அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போய் நின்றேன். பெற்றவர்கள் யாரும் முதலில் கவுண்டருக்குப் போகாதீர்கள், நேராக மேனேஜரைப் பாருங்கள்.

---

கரிசல்காட்டுக்காரி
2025 ஜூன் 6, காலை 8.05

அம்மா, நீங்கள் எழுதியதை என் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான், "கையைக் காட்டிப் பிச்சை எடுக்கிற மாதிரி இருக்குக்கா, வேண்டாம்" என்று. உங்கள் மாமியார் சொன்னதைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் எஃப்.ஐ.ஆர். நகலைத் தேடி எடுத்து வந்தான்.

---

நடுக்கோடு
2025 ஜூன் 6, காலை 9.30

பெரியவர் எழுதின மண்வெட்டிக் கேஸையும் இந்த அம்மா எழுதினதையும் படித்தேன். எதிரி கொடுக்கும் வரை காத்திருக்கச் சொன்னது என் தவறு, திரும்ப எடுத்துக்கொள்கிறேன். போலீஸ் வேகம் பற்றின என் கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது. பொய்யாக மனுப் போட்டு வாங்குகிறவர்கள்?

---

வைகைக்கரை
2025 ஜூன் 6, மதியம் 2.10

பொய் மனுவுக்குப் பயந்துதானே விசாரணை வைத்திருக்கிறார்கள். காவல்துறை அறிக்கை கேட்பார்கள், மருத்துவ ஆவணம் பார்ப்பார்கள். பெண்களுக்கான 2018ஆம் ஆண்டுத் திட்டத்தில், காரணமான ஆளிடமிருந்து தொகையை வசூலிக்க ஆணைக்குழு வழக்குப் போடவும் வழி இருக்கிறது.

போலீஸ் வேகம் பற்றி: இழப்பீட்டு மனு போனால் ஆணைக்குழுவிலிருந்து நிலையத்துக்குக் கடிதம் போகும். தூசி படிந்த கோப்பை யாராவது எடுத்துத் தட்டியாக வேண்டும். என் அனுபவத்தில் வேகம் கூடத்தான் செய்திருக்கிறது. புதிய சட்டத்தில் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது (193ஆம் பிரிவு). அக்கா, அப்படி ஏதாவது உங்களுக்கு வந்ததா? வரவில்லை என்றால் அதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

தொகை எவ்வளவு என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தீர்கள். பெண்களுக்கு, தேசிய சட்டப்பணிகள் ஆணையம் வகுத்து உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அட்டவணை 2018 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கிறது. உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், ஆசிட்டால் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். சிறுமி என்றால் அதற்கு மேல் பாதி கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆண்களுக்கு மாநிலத்தின் பொதுத் திட்டம்தான். கட்டிங் மெஷின்காரனின் வலது கைக்கும் இதே அளவில் ஒரு தேசிய அட்டவணை வந்தாக வேண்டும் என்பது என் கருத்து. பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்களே என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுப்பதே போதாது.

ஆசிட் வழக்குகளில் இந்த இடம் வரை வர எவ்வளவு பேர் எரிய வேண்டியிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2005இல் டெல்லியில் பதினைந்து வயதில் தாக்கப்பட்ட லட்சுமி 2006இல் உச்ச நீதிமன்றம் போனார். 2013 ஜூலையில்தான் குறைந்தது 3 லட்சம், அதில் 1 லட்சம் 15 நாளுக்குள் என்ற உத்தரவு வந்தது. அந்த இடைவெளியில்தான் நம் காரைக்காலில் ஒரு இளம் பொறியாளர் மீது ஆசிட் வீசப்பட்டு, மூன்று மாதம் துடித்து, 2013 பிப்ரவரியில் இறந்துபோனார். அவருடைய அப்பா சிகிச்சைக்காகப் பொதுமக்களிடம் கையேந்த வேண்டியிருந்தது.

---

சிறுவாணி
2025 ஜூன் 6, இரவு 10.15

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்றைச் சொல்கிறேன். நான் கோவைக்காரி. போன மாதம் 13ஆம் தேதி பொள்ளாச்சி வழக்கில் 9 பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தபோது, பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடு என்றும் உத்தரவு வந்தது. மறுநாள் முதலமைச்சர் தலா 25 லட்சம் கூடுதலாக அறிவித்தார். ஆறு வருடம் மிரட்டலுக்கு நடுவில் சாட்சி சொன்ன பெண்களுக்கு அது கொடுக்க வேண்டியதுதான். ஒரு ரூபாய்கூட அதிகம் இல்லை.

ஆனால் டிவியில் வராத பெண்? கண்மாய்க்கரையில் வெட்டுப்பட்ட அந்தத் தம்பி? மைக் வந்தால் அறிவிப்பு வருகிறது. வராவிட்டால் ரைட்டர் "அதெல்லாம் இல்லம்மா" என்கிறார். சட்டத்தில் அட்டவணை போட்டதே ஆளைப் பார்த்துக் கொடுக்காமல் இருக்கத்தானே? எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கொடுக்கிறார்கள். அந்த நகலின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதில் "நீங்கள் இழப்பீடு கேட்கலாம், இங்கே போங்கள், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று மூன்று வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

---

பழையபேரேடு
2025 ஜூன் 7, காலை 6.20

சிறுவாணி சொன்ன மூன்று வரிக்காக நானும் கையெழுத்துப் போடத் தயார்.

கரிசல்காட்டு அம்மா, மனுவை இப்படி எழுதுங்கள். சட்டப்பிரிவெல்லாம் ஒரு வரி போதும். எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி, குற்ற எண் என்ன என்பதை முதல் பத்தியில். அப்புறம் வெட்டுக்கு முன் என்ன வேலை, என்ன சம்பளம், இப்போது என்ன. "வறுமையில் வாடுகிறோம்" என்று எழுதாதீர்கள், எல்லா மனுவிலும் அது இருக்கும். சோற்றைப் பிசைய முடியவில்லை, பொத்தான் போட முடியவில்லை என்று இங்கே எழுதினீர்களே, அதை அப்படியே எழுதுங்கள். கடைசிப் பத்தியில் இடைக்காலத் தொகை வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் விட்டுப்போகும்.

சேர்க்க வேண்டியது: எஃப்.ஐ.ஆர்., முதலில் போன ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், அச்சக முதலாளி கையெழுத்துப் போட்ட சம்பளக் கடிதம், ஊனச் சதவீதம் போட்ட சான்று. அந்தச் சான்று கைக்கு வரவில்லை என்றாலும் மனுவை நிறுத்தி வைக்காதீர்கள், பின்னால் கொடுக்கலாம். எல்லாவற்றையும் இரண்டு செட் நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது "முடித்துத் தருகிறேன், இத்தனை சதவீதம்" என்று வந்தால் அந்த ஆளிடம் பேசவே பேசாதீர்கள்.

---

கரிசல்காட்டுக்காரி
2025 ஜூலை 22, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை மாதமாக இங்கே வர முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஜூன் 11 அன்று மனு கொடுத்தோம். பழையபேரேடு ஐயா சொன்ன மாதிரியே எழுதினேன், முத்திரை வாங்கினேன். அங்கே இருந்த ஒரு அம்மா மனுவை நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, பொத்தான் போட முடியாத வரியில் விரலை வைத்துத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "உட்காருங்க தம்பி" என்றார். அஞ்சு மாதத்தில் ஒரு ஆபீஸில் அவனை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு வாரத்தில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, அறிக்கை கேட்டிருக்கிறார்களாம். வீட்டுக்கே வந்து மறுபடி விசாரித்துப் போனார்கள். பறித்த செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண் என்னவென்று இப்போதுதான் கேட்டார்கள். அட்டைப் பெட்டியை என் தம்பி மனைவி பரணில் பத்திரமாக வைத்திருந்தாள், அதைக் கொடுத்தோம்.

போன வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வாக்குமூலம் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தம்பி பேனாவை வலது கையில் வாங்கிப் பார்த்தான், நிற்கவில்லை, கீழே விழுந்துவிட்டது. இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தான். அவன் பிளஸ் டூ வரை படித்தவன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் அந்த விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

நேற்று தகவல் வந்திருக்கிறது, இடைக்காலத் தொகைக்குப் பரிந்துரை போயிருக்கிறதாம். எவ்வளவு என்று இன்னும் தெரியாது. வங்கிக் கணக்குப் புத்தக நகல் கேட்டிருக்கிறார்கள். அவனிடம் இருப்பது மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு. அது போதுமா? இன்னொரு விஷயம், அன்றைக்கு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்கும் மனு எழுதிக் கொடுத்தேன். மகனைக் குத்திக் கொன்றுவிட்டார்கள், இரண்டு பேரன்களை வைத்துக்கொண்டு இருக்கிறார். மருமகள் இல்லை. அவருக்கு வாரிசுச் சான்று வேண்டுமாம், எங்கே வாங்குவது?

---

வைகைக்கரை
2025 ஜூலை 22, இரவு 10.25

ரொம்ப நிறைவாக இருக்கிறது, அம்மா.

கூட்டுக் கணக்கில் சில நேரம் பெயர் ஒத்துவரவில்லை என்று பணம் திரும்பிப் போகும். தம்பி பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள். இடது கை ரேகை வைத்தே தொடங்கலாம், போட்டோ ஒட்டுவார்கள். மறுத்தால் மேனேஜரைப் பாருங்கள், ஒருதாய் அம்மா சொன்னது போல.

பாட்டிக்கு வாரிசுச் சான்று தாலுகா அலுவலகத்தில், தாசில்தார் கொடுப்பார். இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம், மகனின் இறப்புச் சான்று கட்டாயம் வேண்டும். பேரன்கள் பெயரும் அதில் வர வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருமகள் இறந்துவிட்டாரா, பிரிந்து போயிருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள், அதைப் பொறுத்து மனுவில் ஒரு பத்தி மாறும்.